பூட்டன்ட பித்தளை இலக்கம்: கொட்டியாரத்துப் பழைய பொலிஸ்காரர் பற்றித் தெரிஞ்சாக்கள் இருக்கிறீங்களா?

உவர்மலைப் பேரன்:
வணக்கம். ஓடு மாத்தேக்க பரணில ஒரு பழைய பிஸ்கட் டின் அம்பிட்டது. உள்ளுக்குப் பச்சை பிடிச்ச பித்தளை இலக்கம். அம்மம்மாவின்ட அப்பாவின்ட. வெள்ளைக்காரன் காலத்தில கொட்டியாரத்தில, மூதூர்ப் பக்கம், பொலிஸ்காரராம். அவரைப் பற்றி வீட்டில ரெண்டே கதைதான். மாட்டுக் கள்ளனைப் பிடிச்சது ஒண்டு. "இண்டைக்கு மூதூர், நாளைக்கு மாத்தறை" எண்டு சொல்லி ஒருத்தரும் பொண்ணு குடுக்காதது மற்றது. விதானை (ஊர்த் தலைமைக்காரர்) இருக்கிற ஊரில பொலிஸுக்கு என்ன வேலை? பதிவு ஏதும் தேடலாமா?

கொட்டியாரத்தான்:
தம்பி, என்ட அப்பா விதானை. அதால மற்றப் பக்கத்துக் கதை சொல்லுறன். 1866 செப்டம்பர் 3 கம்பல் எண்ட வெள்ளைக்காரத் துரை தலைவராப் பொறுப்பெடுத்த பொலிஸ், முதலில பட்டினத்துப் பொலிஸ்தான். ஊருக்குள்ள கனகாலம் விதானைமார் ராச்சியம். 1963இலதான் அந்த முறையே போனது. பொலிஸ்காரர் வள்ளத்தால இறங்கினா அப்பாவுக்கு முகம் கறுக்குமாம்.

காரணம் மாடு. கள்ளன் பழைய குறிக்கு மேல புதுக்குறி சுடுவான். ஒரு பொலிஸ்காரர் வாளித் தண்ணியை மாட்டின்ட தொடையில ஊத்தி, மயிரைக் கையால படிய வழிச்சாராம். புதுத் தழும்புக்குக் கீழ பழைய எழுத்து வந்து நிண்டதாம். வித்தவனிட்ட மாடு தன்ட எண்டு காட்டுற மாட்டுச் சீட்டு இருந்தது. சீட்டு எழுதுறது ஆர்? விதானை! அப்பா இல்லை, பக்கத்து ஊர் விதானை (அப்பா சொன்னபடி). உங்கட பூட்டனோ என்னவோ.

ஓய்வு சார்ஜன்:
இலக்கத்தை மட்டும் வைச்சுத் தேடினா அலைச்சல்தான். கொழும்பு 7, தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கோ. பொலிஸ் மா அதிபரின்ட ஆண்டு நிர்வாக அறிக்கையும் ஏஜென்ட் துரைமாரின்ட (மாவட்டத்தை ஆண்ட அரசாங்க அதிபர்மார்) நாட்குறிப்பும் கேளுங்கோ. கான்ஸ்டபிள் பேர் அதில அருமையாத்தான் வரும். எங்கட ஆக்கள் செத்தாத்தான் பேர் நிலைக்கும். 1864 மார்ச் 21 சரதியேல் எண்ட கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போய்ச் சூடு பட்டுச் செத்த கான்ஸ்டபிள் சபானை இண்டைக்கும் நினைக்கிறம். உயிரோட வீடு வந்தவனை ஆர் எழுதினது? அதால மாட்டு வழக்கின்ட ஆண்டைப் பிடியுங்கோ, ஆளை விடுங்கோ.

ஒண்டு, அந்த இலக்கத்தைத் தேய்க்காதேங்கோ. பரேட்டுக்கெண்டு விடிய விடிய பிராசோ போட்டுத் தேய்ச்சு, என்ட 8 கடைசியில 3 மாதிரி ஆகிட்டு.

உவர்மலைப் பேரன்:
அம்மம்மா பிறந்தது 1931. மாட்டுக் கதை நடக்கேக்க அவ தொட்டிலிலயாம். அப்ப டௌபிகின் துரை பொலிஸ் மா அதிபரா இருந்த காலம் (1913–1937), அங்கயிருந்து தொடங்குறன். கொட்டியாரத்தான் ஐயா, அந்தப் பக்கத்து ஊர் எது எண்டு தனிமடலில சொல்லுங்கோ.

சார்ஜன் ஐயா, நீங்க பிந்திட்டீங்க. நேற்றே புளி போட்டுத் தேய்ச்சிட்டன். கடைசி எழுத்து 1ஓ 7ஓ எண்டு வீட்டில இப்ப சண்டை.