கட்டுவது 200க்கு, கீழே 90, மாடியில் 8: வைஃபை உதவி தேவை

மாடி அறை:
வணக்கம். திருச்சியில் சொந்த வீடு. கீழே ஹால், மேலே ஒரே ஒரு அறை, அதில்தான் என் ஆபீஸ் வேலை. 200 எம்பிபிஎஸ் திட்டம். ஆனால் ரூட்டருக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால்கூட 90ஐத் தாண்டியதே இல்லை. மாடிக்கு ஏறினால் 8, நல்ல நாளாக இருந்தால் 12. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மீட்டிங்கில் வாயைப் பாதி திறந்தபடி நான் அப்படியே நின்றுபோகிறேனாம், டீமில் அதை வைத்துக் கிண்டல் வேறு. இரண்டு முறை புகார் கொடுத்தேன். வந்த தம்பி தன் போனில் ஒரு சோதனை போட்டுவிட்டு “லைன் நல்லா இருக்கு சார்” என்று கிளம்பிவிட்டார். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, அதிலிருந்து ஒரு வயர் போட்டு என் சொந்த ரூட்டர், இரண்டும் டிவிக்குப் பின்னால் இருக்கின்றன. மெஷ், அதாவது ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் பல பெட்டிகள், வாங்கினால் சரியாகுமா?

இரவுப்பணி:
வாங்கிப் போடுங்கள் சார். எங்கள் வீட்டில் மூன்று பெட்டி வைத்தோம், அன்றோடு பிரச்சினை தீர்ந்தது.

பழைய மோடம்:
அவசரப்படாதீர்கள். ரூட்டருக்கே 90தான் வருகிறது என்றால் மெஷ் அந்த 90ஐத்தான் வீடு முழுக்கப் பங்கு போடும். முதலில் லைனையும் வைஃபையையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை லேன் வயரில் ரூட்டரோடு சேர்த்து வேகம் பாருங்கள். அப்புறம், அந்தத் தம்பி எந்த வைஃபையில் சோதித்தார்? உங்கள் ரூட்டரிலா, ஃபைபர் பெட்டியிலா?

மாடி அறை:
வயரில் மூன்று தடவை பார்த்தேன்: 94, 93, 94. லேப்டாப்பில் இணைப்பு 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) என்றுதான் காட்டுகிறது. அவர் சோதித்தது பெட்டியின் வைஃபையில், 190க்கு மேல் வந்ததாக ஞாபகம்.

பழைய மோடம்:
அப்படியானால் அவர் சொன்னது சரிதான், லைன் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 94லேயே வந்து நிற்கிறது பாருங்கள், எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், 100ல் கையில் கிடைப்பது அவ்வளவுதான். லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே 1 ஜிபிபிஎஸ் என்றால் மிச்சம் இருப்பது பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் போகும் வயர். ஜிகாபிட்டுக்கு, அதாவது அந்த 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு, வயருக்கு உள்ளே எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கே போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், நெட் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. ரூட்டரின் அந்த போர்ட்டே 100தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படி இருந்தால் வயரை மாற்றிப் பயனில்லை.

மாடி அறை:
போர்ட் ஜிகாபிட்தான். வயரைக் கழற்றி முனையைப் பார்த்தால் உள்ளே மொத்தமே நாலு கம்பி! கடையில் மலிவாகக் கிடைத்ததென்று நானே வாங்கியது. வேறு வயர் மாட்டியதும் ஹாலில் 190க்கு மேல் வருகிறது. மாடியில் மட்டும் இன்னும் அதே 12.

வயர்க்காரன்:
மாடியில் போன் எந்த அலைவரிசையைப் பிடிக்கிறது, வைஃபை விவரத்தில் இணைப்பு வேகம் எவ்வளவு காட்டுகிறது? ராத்திரி மீட்டிங் நிற்கும் நேரத்தில் 192.168.1.1க்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டும் பாருங்கள். பல ரூட்டர்களின் முகவரி அதுதான், உங்களுடையது வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். அதற்கே பதில் தாமதமானால் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மாடி அறை:
5 கிகாஹெர்ட்ஸ் படிக்கட்டு திரும்பும் இடத்திலேயே செத்துவிடுகிறது, மேலே 2.4தான். இணைப்பு வேகம் எப்போதும் 54, அதற்கு மேல் போனதே இல்லை. பிங் கீழே 2, 3 மில்லிசெகண்ட். மேலே நேற்று ராத்திரி 300, 400, நடுநடுவே பதிலே வரவில்லை.

வயர்க்காரன்:
கான்கிரீட் தளத்தைத் தாண்ட 5 திணறும், 2.4 ஓரளவு தாண்டும். அதனால் 5ஐக் குறை சொல்ல முடியாது. ஆனால் 54 இடிக்கிறது அண்ணா. அது பழைய ‘ஜி’ வகை வைஃபை காலத்து உச்சம். 2.4க்கான பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறை இருக்கிறதா? அது இருந்தால் ‘ஜி’க்கு அடுத்து வந்த ‘என்’ வகையின் வேகம் கிடைக்காது, விதியே அப்படி. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். 2.4க்குள் உங்கள் வைஃபை ஓடும் தடத்தின், அதாவது சேனலின், எண் என்ன?

மாடி அறை:
டிகேஐபியேதான்! பழைய பிரிண்டர் ஒன்று சேரமாட்டேன் என்று அடம் பிடித்தபோது வைத்தது, சுத்தமாக மறந்தே போனேன். சேனல் 3. செயலியில் பார்த்தபோது அங்கே யாருமே இல்லை, 1லும் 6லும்தான் அக்கம்பக்கத்தார் கூட்டம்.

வயர்க்காரன்:
எல்லோரும் செய்யும் தப்பு இது. 2.4ல் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு வைஃபை குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். 3ல் போய் உட்கார்ந்தால் 1லிருந்தும் அடி, 6லிருந்தும் அடி. ஒரே சேனலில் இருப்பவர்களாவது ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார்கள், பாதி மேலே விழுபவருக்கு அது வெறும் இரைச்சல்தான். 1, 6, 11ல் கூட்டம் குறைந்த ஒன்றில் வையுங்கள், அகலத்தை 20க்குக் குறையுங்கள், ரூட்டரையும் டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். டிவியின் பின்பக்கத் தகடு பாதியை அங்கேயே தடுத்துவிடும்.

இரவுப்பணி:
இவ்வளவுக்கு மெஷ்ஷே வாங்கியிருக்கலாம் 😀

வயர்க்காரன்:
வயர் இழுக்க வழியில்லாத வீட்டுக்கு மெஷ் நல்லதுதான். இவர் வீட்டில் கேபிள் டிவி வயர் மாடிக்கு ஏறும் பைப் இருந்தால் அது வழியாக முழுச் செம்பு கேட்6 லேன் வயர் ஒன்று இழுத்துவிடலாம். செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மேல் முனையில் பழைய ரூட்டர் ஏதாவது இருந்தால் போதும்: முகவரியை 192.168.1.2 போல வேறாக மாற்றி, டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, லேன் போர்ட்டில் சொருகுங்கள். வான் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் சொருகாதீர்கள்.

மாடி அறை:
சேனல் 11, ஏஇஎஸ், 20 மெகாஹெர்ட்ஸ், ரூட்டர் இப்போது புத்தக அலமாரி மேலே. மாடியில் இணைப்பு வேகம் 144 காட்டுகிறது, பகலில் 45 வருகிறது, நேற்று ராத்திரி மீட்டிங்கில் 30க்குக் கீழே இறங்கவில்லை, ஒரு தடவைகூட நிற்கவில்லை. பைப் இருக்கிறது, உள்ளே யாரும் பயன்படுத்தாத கேபிள் டிவி வயரும் இருக்கிறது, அதிலேயே கட்டி இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பிரிண்டர்தான் ஏஇஎஸ்ஸில் சேரவே இல்லை. யூஎஸ்பி வயரில் மாட்டிவிட்டேன், அதுவும் கழற்றிப்போட்ட அந்த நாலு கம்பி வயர் கிடக்கும் டிராயரில்தான் இருந்தது.