'அழகியல் வெற்றி'க்குப் பதில் 'கூடிவரல்'?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு படைப்பு கலையாகத் தேறுவதை இசை மெய்யியலில் 'ஈஸ்தெட்டிக் சக்சஸ்' (aesthetic success) என்கிறார்கள், தேறாததை 'ஃபெயிலியர்' (failure) என்கிறார்கள். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'ஈஸ்தெட்டிக் சக்சஸ்', 'ஃபெயிலியர்' இரண்டுக்கும் அழகியல் வெற்றி, அழகியல் தோல்வி போதுமே?

போதாது ஐயா. பாட்டு வெற்றி என்றாலே விற்பனையும் கைத்தட்டலும்தான் நினைவுக்கு வருகின்றன. இசை மெய்யியலில் இந்தச் சொல் தேவைப்படுவதே அவற்றிலிருந்து பிரித்துப் பேசத்தான்.

1826 மார்ச்சில் வியன்னாவில் இசையமைப்பாளர் பேத்தோவனின் ஓபஸ் 130 (படைப்பு எண் 130) நால்வர் இசை, அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்பு, அரங்கேறியது. நடுப்பகுதிகள் இரண்டை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். கடைசியில் வந்த நீண்ட ஃபியூக் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து எடுத்துச்செல்லும் இசை வடிவம்) பலருக்குப் பிடிபடவே இல்லை. பதிப்பாளர் தரப்பு கேட்டுக்கொள்ள, பேத்தோவன் வேறொரு இறுதிப் பகுதி எழுதிக் கொடுத்தார்; ஃபியூக் ஓபஸ் 133 என்று தனியே அச்சாயிற்று. இதைத் 'தோல்வி' என்று எழுதினால், அரங்கில் எடுபடாததைச் சொல்கிறோமா, இசையாகவே தேறாததைச் சொல்கிறோமா? அமெரிக்கப் பாடகி ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் கதை நேர்மாறு. 1944இல் அவர் பாடியபோது நியூயார்க்கின் கார்னகி அரங்கில் டிக்கெட் மிச்சமில்லை, சுருதிதான் சேரவில்லை.

'செம்மை / பிழை' என்ற பரிந்துரையும் வந்தது. அது வேறு விஷயம். ஒரு படைப்பை வாசிக்கும்போது ஒரே ஒரு சுரம் பிசகினாலும் அது அந்தப் படைப்பின் நிகழ்த்துகை (performance) ஆகாது, பிழையில்லாமல் எவ்வளவு மோசமாக வாசித்தாலும் ஆகும் என்று அமெரிக்க மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968இல் எழுதினார். அந்த இடத்துக்குச் செம்மை பொருந்தும். 'கைகூடல்' நல்ல சொல்தான், ஆனால் நோக்கம் நிறைவேறுவதைக் குறிக்கிறது. சலிப்பூட்டவே ஒருவர் எழுதி, கேட்பவர்களும் சலித்துப்போனால் நோக்கம் கைகூடிவிட்டது. இசை தேறியதா என்பது அப்போதும் பாக்கி.

என் பரிந்துரை: கூடிவரல் / கூடிவராமை. 'கதை கலையாகக் கூடிவரவில்லை' என்று விமர்சகர்கள் சாதாரணமாக எழுதுகிறார்கள். வினையாக வளைகிறது: கூடிவந்த நிகழ்த்துகை, பாதி கூடிவந்த மெட்டு. 'வெற்றி'யை வைத்துக்கொண்டு 'பாதி வெற்றி' என்றால் தேர்தல் முடிவு மாதிரி இருக்கிறது.

> கூடிவரல் என்றால் கல்யாணம் அல்லவா நினைவுக்கு வரும்!

வரட்டுமே. முதல் இடத்தில் 'அழகியல் கூடிவரல்' என்று முழுதாகப் போட்டுவிட்டு, அப்புறம் 'கூடிவரல்' என்று சுருக்கலாம். தேறாத படைப்பை மட்டும் ஒரே சொல்லில் எப்படிக் குறிப்பது? 'கூடிவராப் படைப்பு' எனக்கே நீளமாகப் படுகிறது. யாராவது சொல்லுங்கள்.