எடைமேடையில் வேலை, ஆலோசனை வேண்டும்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் எடைமேடையில் இருக்கிறேன். பெங்களூரா மாங்காய் சீசனில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அழுகல் காய்க்கு எடையில் எவ்வளவு கழிவு போடுவது என்பது பெரும்பாலும் எங்கள் கையில்தான். சில வியாபாரிகள், தங்கள் லோடுக்குக் கழிவைக் குறைத்துப் போடச் சொல்லி கவர் நீட்டுகிறார்கள். கவர் வாங்குபவர்கள் அப்படிக் குறைப்பதை, டிராக்டரில் கொண்டுவரும் சின்ன விவசாயி தலையில் ஏற்றிவிடுவார்கள். இதுவரை நான் வாங்கவில்லை. "எல்லாரும் வாங்குறதுதானே, நீ மட்டும் என்ன பெரிய சாமியாரா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள்.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது ஓடிய யோசேப்பைப் போல ஓடிவிடு என்கிறார்கள் சிலர். சரி, ஆனால் ஓடிய யோசேப்புக்கு முதலில் கிடைத்தது சிறைச்சாலை. பிரசங்கங்களில் அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகவே தாண்டிவிடுகிறோம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கும்போது வேலையை விட்டு ஓட முடியாது.

என் கேள்விகள் இவைதான். கூட வேலை செய்பவர்களைக் காட்டிக்கொடுக்காமல், ஆனால் உடன்படாமலும் இருந்தவர்கள் எப்படிப் பேசிச் சமாளித்தீர்கள்? முதலாளியிடம் சொல்வது என் கடமையா? பணம் வேண்டாம் என்றால் ஒரு பெட்டி மல்கோவாவை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்களே, அதைத் திருப்பி அனுப்புவது அதிகப்படியா?

அப்புறம், பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் வார நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் கூடும் ஆண்கள் ஜெபக்குழு இருந்தால் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்து வந்துவிடுவேன்.