அறுகோணத் தண்டுக்கு எந்த பேரிங்?

கேள்வி: போட்டி ரோபோவின் கியர்பாக்ஸில் அரை அங்குல அறுகோணத் தண்டு. அறுகோணத் துளை பேரிங் வாங்குவதா, தண்டின் முனையைக் கடைந்து சாதா பேரிங் போடுவதா?

பதில் 1: முனையைக் கடையுங்கள். எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 12.7 மி.மீ., மூலைக்கு மூலை 14.66 மி.மீ. லேத்தில் மூலைகளை மட்டும் எடுத்து 12.7-க்கு உருட்டினால் அரை அங்குல வட்டத் துளையுள்ள ஆர்8 பேரிங் பொருந்தும். அதன் வெளிவிட்டம் 28.575 மி.மீ.; அரை அங்குல அறுகோண பேரிங்குக்கும் பொதுவாக அதே அளவுதான், பேரிங் உட்காரும் கியர்பாக்ஸ் தகட்டுத் துளையை மாற்ற வேண்டாம். கடைந்த இடத்தில் உருவாகும் படியே தண்டு பக்கவாட்டில் நகராமல் தடுக்கும். அந்தப் படியின் உள்மூலையைக் கூர்மையாக விடாதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பதில் 2: தண்டின் நடுவில் தாங்கல் வேண்டுமென்றால் அறுகோண பேரிங்தான் வழி. அறுகோணத் துளையின் மூலைகளில் பேரிங்கின் உள்வளையம் மெல்லியது, சுத்தியலால் தட்டினால் உடையும். தண்டு நுழையாவிட்டால் மூலைப் பிசிறை அரத்தால் நீக்குங்கள். தகட்டில் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். உள்வளையத்தை அழுத்தினால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும், பிறகு கரகரவென்றே சுற்றும்.

பதில் 3: இன்னொன்று: ஸ்பேசர்களை (தண்டில் பாகங்களுக்கு இடையே கோக்கும் இடைவெளிக் குழாய்களை) இறுக அடுக்காமல் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். போல்ட்டை முறுக்கியதும் தண்டு சுற்றக் கடினமானால், பெரும்பாலும் ஸ்பேசர்கள் இறுகியதே காரணம். இல்லையென்றால் இரு தகடுகளின் துளைகளும் நேர்கோட்டில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் துளையிடுங்கள்.