பெருநகரில் உழவர் சந்தைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை என்ன? அனுபவமுள்ளோர் கூறவும்

கேட்பவர்: மாடிவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பெருநகரின் நடுப்பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். நகருக்குள்ளேயே உழவர் சந்தைகள் சில கூடுகின்றன. புறநகருக்குச் சென்றால் இன்னும் பெரிய சந்தைகள் உள்ளன, ஆனால் போகவும் வரவும் பாதி நாள் கழிந்துவிடும். சொந்த வாகனம் இல்லாததால் பேருந்தையும் ரயிலையும் நம்பித்தான் செல்ல வேண்டும், அதுவும் வாரத்துக்கு ஒருமுறைதான் முடியும். தொலைவாகச் சென்று வாங்குவதால் உண்மையிலேயே பயன் உண்டா? அங்கே அமர்ந்திருப்பவர் தாமே விளைவித்து விற்கிறாரா, வேறெங்கோ வாங்கி வந்து விற்கிறாரா என்பதை எப்படி அறிவது? சில கடைகளில் ஆண்டு முழுவதும் எல்லாக் காய்களும் கிடைப்பதால் இந்த ஐயம் எழுந்தது. வாங்கியவற்றை வாடாமல் வீடு சேர்த்து ஒரு வாரம் வைத்திருக்கும் வழியையும் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வரப்போரம்

வணக்கம் நண்பரே. தொலைவைக் கணக்கிடுவதற்கு முன் அந்தச் சந்தையின் விதிமுறையைக் கேட்டறியுங்கள். உழவர் சந்தை என்ற ஒரே பெயரில் இரண்டு வகைகள் நடக்கின்றன. ஒன்றில், விளைவித்தவரோ அவருடைய குடும்பத்தாரோ அவரிடம் வேலை செய்பவரோ மட்டுமே கடை போடலாம். இத்தகைய இடங்களில் நிர்வாகத்தினர் நிலத்துக்கே சென்று, என்ன பயிர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்று பார்த்த பிறகே அனுமதி தருவதும் உண்டு. மற்றொன்றில், மொத்த விற்பனைச் சந்தையிலிருந்து ஏற்றி வந்து விற்பவருக்கும் இடம் உண்டு. இரண்டாவதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்காகப் பாதி நாளைச் செலவிட வேண்டியதில்லை, அதே சரக்கு உங்கள் தெருமுனைக் கடைக்கும் வந்து சேரும்.

விதிமுறை தெரியாத இடத்தில் கடையே ஓரளவு சொல்லிவிடும். குளிர்ப்பருவத்தை விரும்பும் பட்டாணியும் காலிஃபிளவரும், வெயிலை விரும்பும் வெண்டையும் தர்பூசணியும் வாரம் தவறாமல் ஒரே பலகையில் இருந்தால், அவை ஒரே நிலத்தில் விளைந்திருக்க வாய்ப்பு குறைவு. பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் பருவத்தைச் சற்று முன்பின் நகர்த்துவார்கள் என்பதால் இதை மட்டுமே வைத்துத் தீர்ப்பெழுதிவிடவும் கூடாது. காய்களின் அளவையும் பாருங்கள். மொத்தச் சரக்கு தரம் பிரிக்கப்பட்டு ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். விளைவித்தவர் கொண்டு வரும் கூடையில் பிஞ்சும் சற்று முற்றியதும் வளைந்ததும் கலந்து கிடக்கும்.

நான் முதலில் பார்ப்பது காம்பை. அன்று பறித்த கத்தரிக்காயில் காயைப் பற்றியிருக்கும் பச்சைத் தொப்பி விறைப்பாக நிற்கும், காம்பின் வெட்டுவாய் வெளுத்து ஈரமாக இருக்கும். ஓரிரு நாள் ஆனால் அந்த வெட்டுவாய் பழுப்பேறிச் சுருங்கும், தொப்பியின் ஓரம் உலர்ந்து மேலெழும். கீரைக் கட்டிலும் இலையைப் பார்க்காமல் தண்டின் அடியைப் பாருங்கள். இலையில் தண்ணீர் தெளித்து மினுக்கிவிடலாம், வெட்டுவாயின் நிறத்தை அப்படி மாற்ற முடியாது. (வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒடித்ததை யாரும் வாங்குவதில்லை, விற்பவர்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறார்.)

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, பேச்சுக் கொடுப்பதுதான். இது என்ன ரகம், எப்போது நட்டீர்கள், அடுத்த மாதம் எது வரும் என்று கேளுங்கள். விளைவித்தவருக்கு மழை பொய்த்ததும் பூ உதிர்ந்ததும் சேர்த்தே பதிலாக வரும்.

மறுமொழி: விடியல்

மேலே கூறியவற்றை ஏற்கிறேன். தொலைவு பற்றிய கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன். சந்தை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதைவிட, பறித்ததற்கும் உங்கள் குளிர்பெட்டிக்கும் இடையே எத்தனை மணி நேரம், எவ்வளவு வெப்பத்தில் கழிந்தது என்பதுதான் முக்கியம். பறித்த பிறகும் காய்கனிகள் சுவாசித்துக்கொண்டே, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவிடுகின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அந்தச் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும். எனவேதான் விவசாயிகள் கீரையையும் மென்மையான காய்களையும் வெயில் ஏறுவதற்கு முன் பறிக்கிறார்கள். இரவு முழுவதும் குளிர்ந்து, நீர் ஏறி விறைத்திருக்கும் இலை அந்த நேரத்தில்தான் நீண்ட நேரம் தாங்கும்.

புறநகரில் வாங்கிய கீரையை உச்சி வெயிலில் நெரிசலான பேருந்தில் கொண்டு வந்தால், அங்கே கிடைத்த புதுமையின் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். விடியலில் பறித்து விவசாயியே நகருக்குள் கொண்டு வந்ததை உங்கள் வீட்டருகே வாங்குவது அதைவிட மேலாக இருக்கலாம். இனிப்புச் சோளமும் பச்சைப் பட்டாணியும் இதில் மிக மென்மையானவை. அவற்றின் சர்க்கரை பறித்த சில மணி நேரத்திலேயே மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், வெப்பம் கூடினால் அந்த மாற்றமும் விரைவுபடும். ஆகவே இவற்றையும் கீரையையும் அருகிலேயே வாங்குங்கள். பூசணி, கிழங்கு, வெங்காயம் ஆகியவை பயணத்தைப் பொருட்படுத்தாதவை. புறநகர்ச் சந்தைக்கு மாதம் ஒருமுறை போய் அவற்றை வாங்கி வந்தால் போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கடை திறக்கும்போதே போய்விடுங்கள். கலையும் நேரத்தில் விலை இறங்கும் என்பது உண்மைதான், குழம்புக்கோ தொக்குக்கோ நன்கு பழுத்த தக்காளி வேண்டுமென்றால் அதுவே சரியான நேரமும்கூட. மற்றபடி அந்நேரத்தில் மிஞ்சியிருப்பது காலையிலிருந்து வெயிலில் கிடந்து, பல கைகள் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகவே இருக்கும்.

மறுமொழி: அடுக்களை

கொண்டு வருவதையும் பாதுகாப்பதையும் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். சந்தைக்குள் நுழைந்ததும் எதையும் வாங்காமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பிறகு கிழங்கும் பூசணியும் பையின் அடியிலும், கத்தரி, வெண்டை நடுவிலும், தக்காளி மேலேயும் வருமாறு அந்த வரிசையிலேயே வாங்குங்கள். கீரையைக் கடைசியாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றித் தனிப்பையில் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கி, கேரட் ஆகியவற்றை இலையோடு வாங்கியிருந்தால் வீட்டுக்கு வந்தவுடன் இலையை அறுத்துப் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அந்த இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து அதைத் தொய்ய வைத்துவிடும்.

எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் அடைப்பதும் தவறு. கீரையும் கேரட்டும் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரையே விரும்பும். தக்காளியோ 12 பாகைக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் மணத்தை இழக்கும், செங்காயாக இருந்தால் சரியாகப் பழுக்கவும் பழுக்காது. கத்தரியும் வெள்ளரியும்கூட கடுங்குளிரில் நாள்பட்டால் தோலில் குழி விழுந்து கெடும் என்பதால் அவற்றை முதல் சில நாள்களில் சமைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கை வெளிச்சம் படாமல் வையுங்கள். வெளிச்சத்தில் பச்சையேறிய கிழங்கில் சொலனைன் போன்ற நச்சுப் பொருள்களும் கூடியிருக்கும்.

பழங்களைப் பொறுத்தவரை, பறித்த பிறகு பழுப்பவை எவை, பழுக்காதவை எவை என்று தெரிந்து வாங்க வேண்டும். மா, வாழை, பப்பாளி, கொய்யா, தக்காளி ஆகியவை எத்திலீன் வாயுவை வெளியிட்டுத் தாமாகவே பழுக்கும். எனவே செங்காயாக வாங்கி வாரம் முழுவதும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, ஸ்ட்ராபெரி ஆகியவற்றில் பறித்த அன்று இருந்த இனிப்புக்கு மேல் ஏறாது. இவற்றைச் சுவை பார்க்கக் கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிச் சுவைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் வகைப் பழங்களின் அருகில் கீரையை வைத்தால் எத்திலீன் பட்டு இலை விரைவில் மஞ்சளாகிவிடும்.

கேட்டவர்: மாடிவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. மாதம் ஒருமுறை புறநகர், வாரந்தோறும் அருகிலுள்ள சந்தை என்ற ஏற்பாடு எனக்குப் பொருந்தும். இன்னும் ஒரு கேள்வி. பல கடைகளில் ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் நம்பலாம் என்கிறார்கள். அது சரியா?

மறுமொழி: வரப்போரம்

ஓட்டை இருப்பதால் பூச்சி வந்து போனது மட்டுமே தெரிகிறது. பூச்சி வந்த பிறகு மருந்து அடித்திருக்கவும் கூடும். பலகையை மட்டும் நம்பாமல் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். வெளி நிறுவனம் ஒன்று ஆய்வு செய்து வழங்கும் சான்று ஒரு வகை. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு, நுகர்வோரையும் உட்படுத்தி உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை இன்னொரு வகை. சிறு விவசாயிகள் பலர் செலவு கருதி இரண்டாவதையே நாடுகின்றனர்.

சான்று இல்லாதவரை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தீர்கள் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பூச்சிமருந்து ஒவ்வொன்றுக்கும் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்கள் அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மருந்தின் பெயரையும் நாள் கணக்கையும் தயங்காமல் சொல்பவரிடம், ‘எதுவுமே அடிப்பதில்லை’ என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் வாங்குவதைவிட நிம்மதியாக நான் வாங்குவேன்.