சின்னச் சின்ன மாற்றத்தால் எடை குறையுமா? இரண்டு வருடம் முயன்றுவிட்டுக் கேட்கிறேன்

கரிசல்காடு:
வயது 46, உயரம் 168 செ.மீ. இரண்டு வருடத்துக்கு முன் 84 கிலோ இருந்தேன். "உடம்பை வருத்தாதே, சின்னச் சின்ன மாற்றம் போதும்" என்று எல்லோரும் சொன்னதை நம்பினேன். தினம் இரண்டு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒன்றாக்கினேன். அலுவலகத்தில் லிஃப்டை விட்டுப் படியேறினேன், இரண்டு மாடி. ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனை வரை நடை. ஒரு நாள்கூட விடவில்லை. போன வாரம் எடை பார்த்தால் 82. இரண்டு வருடத்துக்கு இரண்டு கிலோ! சோற்றையும் சர்க்கரையையும் விட்டு முட்டை, பன்னீர், பாதாம் என்று சாப்பிடும் பேலியோவில் இறங்கிய என் மச்சான் நான்கே மாதத்தில் 13 கிலோ குறைந்துவிட்டான். இந்தச் சின்ன மாற்றப் பேச்சை இனியும் நம்பலாமா? மனம் விட்டுப்போய்க் கேட்கிறேன்.

மாடித்தோட்டம்:
அண்ணா, உங்கள் உடம்பு உங்களை ஏமாற்றவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை குறைந்தால் சுமார் 10 கிராம், அதாவது 40 கலோரி. இரண்டு மாடி ஏறினால் பத்துக் கலோரிகூடத் தேறாது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கணக்குச் சொன்னது: தினமும் சுமார் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஒரு வருடம் ஆகும், ஏறக்குறைய முழுசும் குறைய மூன்று வருடம். 40 கலோரிக்கு ஒன்றே முக்கால் கிலோ வரும். நடையையும் சேர்த்தால் நீங்கள் குறைத்த இரண்டு கிலோ சரியாகத்தான் இருக்கிறது.

மாற்றம் சின்னதாக இருந்தது தப்பில்லை, அது எங்கே நடந்தது என்பதுதான் விஷயம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு 5 லிட்டர் கேன் தீர்ந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், கிட்டத்தட்ட 340 கலோரி. தட்டில் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே போகிறது. அதை 3 லிட்டராக்கினேன். ஆளுக்கு 135 கலோரி குறைந்தது. செய்ததெல்லாம் இவ்வளவுதான்: தாளிக்கிற குழிக்கரண்டியை மேலே பரணில் போட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டிக்குள் ஒரு டீஸ்பூன் வைத்தேன். தோசைக்குச் சுற்றி ஊற்றுவதை நிறுத்தி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கிறேன். மூன்று வருடத்தில் 74இலிருந்து 66க்கு வந்தேன். வேறு சில மாற்றங்களும் உண்டு, ஆனால் பெரிய பங்கு எண்ணெய்க்குத்தான்.

வைகைக்கரை:
மேடம், கணக்கு சரி. ஆனால் மூன்று வருடத்துக்கு எட்டு கிலோ என்றால் எத்தனை பேர் காத்திருப்பார்கள்? "மெதுவாகக் குறைத்தால்தான் நிற்கும்" என்பதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2014இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு 12 வாரத்தில் வேகமாக, மறுபாதிக்கு 36 வாரத்தில் மெதுவாக. 12.5 சதவீதம் எடை குறைப்பதுதான் இலக்கு. வேகமாகப் போனவர்களில் 81 சதவீதம் பேர் தொட்டார்கள், மெதுவாகப் போனவர்களில் 50 சதவீதம்தான். இலக்கைத் தொட்டவர்களை அப்புறம் மூன்று வருடம் கவனித்தால், குறைத்ததில் 70 சதவீதம் வரை இரண்டு பக்கமும் திரும்ப ஏறியிருந்தது. வேகமாகக் குறைத்தால் திரும்ப ஏறிவிடும், மெதுவாகக் குறைத்தால் ஏறாது என்பதெல்லாம் அங்கே நிரூபணமாகவில்லை.

பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த டைரக்ட் ஆய்வில் தினம் சுமார் 850 கலோரி மட்டும், மூன்றிலிருந்து ஐந்து மாதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம்! நானும் பேலியோவில் 96 கிலோவிலிருந்து ஆறு மாதத்தில் 79க்கு வந்தவன். முதல் மாதமே பேண்ட் லூசானதால்தான் தொடர்ந்தேன். இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்லியிருந்தால் இரண்டாவது வாரமே விட்டிருப்பேன். கரிசல் சாரின் மச்சானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செவிலி_தஞ்சை:
சர்க்கரை நோய்ப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வைகை சார் சொன்ன பிரிட்டன் ஆய்வு, ஆளை வைத்துக் கண்காணித்து, முதல் நாளே சர்க்கரை மாத்திரையை நிறுத்தி நடத்தியது. இங்கே மாத்திரையையும் இன்சுலினையும் அப்படியே போட்டுக்கொண்டு, சோற்றை மட்டும் ஒரே நாளில் விட்டுவிட்டு வியர்த்துக் கொட்டி வருகிறவர்களை நான் கையில் பிடித்திருக்கிறேன். தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, விளையாட்டில்லை. மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரிடம் பேசாமல் யார் சொல்லியும் பேலியோ தொடங்க வேண்டாம். அந்த ஆய்விலேயே இரண்டாம் வருடம் 46 என்பது 36 சதவீதமாக இறங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம்ம சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளிவந்தது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேர், மூன்று வருடம். தினம் அரை மணி நேர வேக நடை, சாப்பாட்டில் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் குறைவு. எந்த மாற்றமும் சொல்லித்தராத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை குறையவே இல்லை! எடை மிஷின் சொல்வதை மட்டும் வைத்து "பலன் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கரிசல் அண்ணா, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து, மூச்சை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இரவுப்பணி:
திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். தோசைக்கல், தெருமுனை நடை எல்லாம் வீட்டில் சாப்பிட்டு ராத்திரி தூங்குகிறவர்களுக்கு. எனக்கு இரண்டு மணிக்கு டீயும் பஜ்ஜியும், விடிகாலையில் வெளியே வந்தால் திறந்திருப்பது பரோட்டாக் கடை ஒன்றுதான். மனசு வைத்தால் முடியும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பசியோடு பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு சால்னா வாசம் என்ன செய்யும் என்று அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும்.

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. கடலையோ தட்டைப்பயறோ வேகவைத்து ஒரு டப்பா, மோர் ஒரு பாட்டில், கையோடு எடுத்துப் போகிறேன். இரண்டு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிடுவதால் வெளியே வரும்போது அந்த வெறிப்பசி இல்லை. நாலு பரோட்டா இரண்டாகிவிட்டது. எட்டு மாதத்தில் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே வந்திருக்கிறது. வைகை அண்ணா, மாதம் முழுக்க முட்டையும் பன்னீரும் பாதாமும் வாங்க என் சம்பளம் தாங்காது.

வைகைக்கரை:
தம்பி, செலவு விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். செவிலி அக்கா சொன்ன எச்சரிக்கையையும் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கும் 79 இப்போது 83 ஆகியிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 96 கிலோவில் எனக்கிருந்த முழங்கால் வலி 83இல் இல்லை. சென்னை ஆய்விலும் மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குச் சர்க்கரை வரத்தானே செய்தது? எடை நிறைய இருப்பவர்களுக்கு இந்த டீஸ்பூன் கணக்கு போதாது என்பதில் நான் மாறவில்லை.

மாடித்தோட்டம்:
96 கிலோவுக்குப் போதாது, சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆறு மாதம் உங்களுக்குத் தனியாகச் சமைத்தது யார்? எங்கள் வீட்டில் என் தம்பி பேலியோ இருந்தபோது, அவனுக்கு ஒரு அடுப்பு, பிள்ளைகளுக்கு ஒரு அடுப்பு என்று அம்மாதான் நின்றார்கள். அம்மாவுக்கு முட்டி வலி வந்ததும் அவன் பேலியோவும் நின்றுவிட்டது. எண்ணெயைக் குறைத்தால் நான்கு பேருக்கும் ஒரே குழம்பு. நான் இன்னும் தொடர்வதற்கு அதுதான் காரணம்.

வைகைக்கரை:
என் மனைவிதான் சமைத்தாள். இதை நான் யோசித்ததே இல்லை.

கரிசல்காடு:
எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன், இடுப்பு 101 செ.மீ. எண்ணெய், மாதம் 5 லிட்டர் கேன், அது போக நல்லெண்ணெய் அரை லிட்டர். வீட்டில் இதைப் படித்துக் காட்டியதும் "காபிச் சர்க்கரையைக் குறைத்தவர் தினம் நாலு அப்பளம் கேட்டதை எழுதினீர்களா?" என்று கேட்டாள். எழுதவில்லை. அது உண்மை.

வைகை சார், முழுசாக மனம் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். 101 என்ற எண்ணைப் பார்த்ததும் பயமாகத்தான் இருக்கிறது. சர்க்கரை டெஸ்டுக்கு நாளை வெறும் வயிற்றில் போகிறேன், முடிவைப் பார்த்து டாக்டரிடம் உங்கள் வழியையும் கேட்பேன். அதுவரை புதுக் கேனில் இன்றைய தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன், நாற்பத்தைந்து நாள் வர வேண்டும். ஒரே சிக்கல், அப்பளத்தைச் சுட்டால் பிள்ளைகள் தொடவே மாட்டேன் என்கிறார்கள்.

மாடித்தோட்டம்:
எங்கள் வீட்டிலும் முதல் வாரம் தொடவில்லை அண்ணா. அடுப்பைச் சிம்மில் வைத்து, இடுக்கியில் பிடித்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். நடுவில் காட்டினால் கருகிக் கசக்கும். உளுந்து அப்பளமாக, மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். சூடாக இருக்கும்போதே ரசத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், ஆறினால் பிள்ளைகள் சொல்வதுதான் சரி.