புதுப்பிப்பு: மூன்றாவது பிளக் கழன்றுவிட்டது

போன வாரம் புலம்பினேனே, அப்பாவின் பழைய புரோட்டான் சாகா காரில் மூன்றாவது ஸ்பார்க் பிளக் அசையவே மாட்டேன் என்கிறது என்று, அது நேற்று சாயங்காலம் கழன்றுவிட்டது. உடையாமல்!

எஞ்சின் சூட்டோடு திருகு என்று சிலர் சொன்னீர்கள். எனக்குப் பயம். பிளக் மாட்டியிருக்கும் எஞ்சின் மேல்பாகம், அதாவது ஹெட், அலுமினியம், பிளக் இரும்பு, சூட்டில் மரை உரிந்து பிளக்கோடு வந்துவிட்டால் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாரிடம் போய் நிற்பது? பக்கத்து வீட்டு மாமா, செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் பிட்டராக இருந்தவர், "அவசரப்படாதடா, ஊறட்டும்" என்றார். மூன்று ராத்திரி துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அப்புறம் ஆறின எஞ்சினில் முதலில் லேசாக இறுக்கினார், கழற்றவில்லை, இறுக்கினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். கால் சுற்று பின்னால், அரைக்கால் சுற்று முன்னால், மறுபடி எண்ணெய், இப்படியே முக்கால் மணி நேரம். மரை இடுக்கில் காபித்தூள் மாதிரி துரு வழிந்தது.

புதுப் பிளக்கை ஸ்பேனா இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகினேன், சுலபமாக இறங்கியது. புகைபோக்கிப் பக்கத்து நட்டு ஒன்று மட்டும் போல்ட்டோடு முறிந்துவிட்டது. சரி, அது அடுத்த வாரத் தலைவலி.